யாரைக் கேட்பது?

ரப்பர்த் தோட்டம் ஒன்றுக்குப் புதிதாக வந்த ஒருவர், "பெரிய கிராணி வீடு எது?" என்று கேட்டால், அங்கு விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவன்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவான். அதே கேள்வியைக் கோலாலம்பூரில் ஓர் அஞ்சலகத்தில் கேட்டால் என்ன ஆகும்? அங்குள்ள அலுவலர் திறமையானவர்தான். நாட்டின் ஊர்ப்பெயர்களையும் அஞ்சல் குறியீடுகளையும் நன்கு அறிந்தவர்தான். ஆனாலும், "அப்படி ஒரு முகவரியே இல்லையே" என்றுதான் சொல்வார். சிறுவனும் பொய் சொல்லவில்லை. அலுவலரும் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றே. கேட்ட இடம்தான் வேறு.

கணினிகளும் நாள்தோறும் இதே நிலையில்தான் நிற்கின்றன. நீங்கள் திறன்பேசியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியதும் பக்கம் விரிகிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள் உங்கள் கருவி யாரிடமோ ஒரு கேள்வி கேட்டு, விடையும் பெற்றிருக்கிறது. "இந்தப் பெயருக்குரிய எண் என்ன?" என்பதே அக்கேள்வி. கணினிகள் ஒன்றையொன்று பெயரால் அடைவதில்லை, ஐ.பி. எண் எனப்படும் எண் முகவரியால்தான் அடைகின்றன. பெயர் நமக்காக, எண் அவற்றுக்காக. பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறும் இவ்வேலையைப் பெயர்த் தீர்வு என்று சொல்லலாம்.

யாரைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது, விடைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவையெல்லாம் ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டுள்ளன. அம்முடிவுகளையே பெயர்த் தீர்வு அமைவுகள் என்கிறோம். ஒரு மென்பொருள் அவற்றைப் படித்து நடக்கலாம். படிக்காமல் தன் போக்கிலும் போகலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் எவ்வளவு வேறுபாடு என்பதை இனிப் பார்ப்போம்.

ஒரு பட்டியலில் தொடங்கிய கதை

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் 1970களில் இணைந்திருந்த கணினிகள் மிகக் குறைவு. அவற்றின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் அடங்கிவிட்டன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிலையத்தில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பேணிவந்தது. அம்மையத்துக்குத் தலைமை தாங்கியவர் எலிசபெத் ஃபெய்ன்லர் என்னும் பெண்மணி. புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் மையத்துக்குத் தெரிவிப்பர். மையம் பட்டியலைத் திருத்தும். மற்ற நிலையங்கள் புதிய பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளும். கணினிகள் பெருகப் பெருக இம்முறை திணறியது. பட்டியல் நீண்டது, திருத்தங்கள் குவிந்தன, ஒவ்வொரு நிலையமும் முழுக் கோப்பையும் மீண்டும் மீண்டும் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

1983ஆம் ஆண்டில் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் மொகபெட்ரிஸ் ஒரு மாற்றுவழியை முன்வைத்தார். அதுதான் டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமை. இதில் எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில் வைப்பதில்லை. மேலே வேர்ச் சேவையகங்கள் இருக்கின்றன. ஏ முதல் எம் வரை எழுத்துகள் இட்டு அவற்றுக்குப் 13 பெயர்கள் உண்டு. நாட்டுப் பெயர்கள் உள்ளிட்ட உச்சநிலைப் பெயர்களை யார் கவனிக்கிறார்கள் என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரியும். மலேசியப் பெயர்களையும் சிங்கப்பூர்ப் பெயர்களையும் அந்தந்த நாட்டின் பதிவகங்கள் பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கீழே ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களைத் தானே ஆள்கிறது. இந்தப் பெயர் மரத்தில் தமிழுக்கும் கிளைகள் உண்டு: சிங்கப்பூர், இந்தியா, இலங்கை ஆகிய மூன்று பெயர்களும் தமிழ் எழுத்திலேயே நாட்டுக் களப்பெயர்களாகப் பதிவாகியுள்ளன.

பழைய பட்டியல் அடியோடு மறைந்துவிடவில்லை. அதன் சிறு வாரிசு, 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பாக இன்றும் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இருக்கிறது. அதில் ஒரு பெயரையும் எண்ணையும் எழுதிவைத்தால், வெளியே எவரையும் கேட்காமல் அதையே கணினி ஏற்றுக்கொள்ளும்.

கணினியின் மனத்தில் எழுதப்பட்டவை

லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு இவ்வமைவுகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருப்பதால் எவரும் திறந்து படிக்கலாம். 'ரிசால்வ் கான்ஃப்' என்னும் கோப்பில், கேட்க வேண்டிய பெயர்ச் சேவையகங்களின் எண்கள் வரிசையாக இருக்கும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜி.லிப்.சி. என்னும் அடிப்படை நிரல் தொகுதி, அவற்றுள் முதல் மூன்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும். முதலாமவரைக் கேட்டு 5 வினாடி காத்திருக்கும். விடை வராவிட்டால் அடுத்தவரிடம் போகும். சில கணினிகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சற்று நேரம் உறைந்து நின்று, பிறகு வேகமாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டியலின் முதல் சேவையகம் செயலிழந்து கிடப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே கோப்பில் 'தேடற்பின்னொட்டு' ஒன்றும் இருக்கலாம். தோட்டத்துக்குள் 'பெரிய கிராணி வீடு' என்றாலே போதும். தோட்டத்தின் பெயரையும் மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அதுபோல, பள்ளி வலையமைப்புக்குள் 'நூலகம்' என்று சுருக்கமாகத் தட்டினால், பள்ளியின் முழுக் களப்பெயரைக் கணினியே பின்னால் ஒட்டிக்கொண்டு கேட்கும். முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதா, டி.என்.எஸ்.ஸைக் கேட்பதா என்னும் வரிசையை வேறொரு கோப்பு சொல்கிறது. 'லோக்கல்' என்று முடியும் பெயர்கள் இன்னும் வேடிக்கையானவை. அவற்றுக்குச் சேவையகமே இல்லை. "உங்களில் யாருக்கு இந்தப் பெயர்?" என்று அறைக்குள் உரக்கக் கேட்பதுபோல், வலையமைப்பிலுள்ள எல்லாக் கருவிகளையும் நோக்கிக் கணினி கேட்கும், உரிய அச்சுப்பொறி தானே முன்வந்து, "நான்தான்" என்று சொல்லும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றை நாம் கையால் எழுதுவதில்லை. வைஃபையில் இணையும்போது ரூட்டரே சேவையக எண்களைக் கணினிக்குச் சொல்லிவிடுகிறது. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் அவற்றை வலையமைப்பு நிர்வாகி திட்டமிட்டு வகுக்கிறார்.

மாமாக் கடைப் பணியாளரும் நிரல் நூலகமும்

ஒரு மென்பொருள் பெயருக்கு எண் கேட்க எளிய வழி, இயங்குதளத்திடமே அவ்வேலையை ஒப்படைப்பதுதான். அமைவுகள் எல்லாம் இயங்குதளத்துக்குத் தெரியும். ஆனால், இவ்வழியில் ஒரு தொல்லை உண்டு. வழக்கமான முறையில் கேட்டால், விடை வரும்வரை கேட்ட நிரல் அங்கேயே நிற்க வேண்டும்.

மாமாக் கடை ஒன்றில் ஒரே ஒரு பணியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேசைக்காரர் ரொட்டி சானாய் கேட்கிறார். பணியாளர் அடுப்பறை வாசலுக்குப் போய், ரொட்டி வெந்து வரும்வரை அங்கேயே நின்றால் மற்ற மேசைகளின் கதி என்ன? நல்ல பணியாளர் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். ரொட்டி தயாரானதும் வந்து எடுத்துக்கொள்வார். ஆயிரக்கணக்கான பயனர்களுக்கு ஒரே நேரத்தில் பணிசெய்யும் மென்பொருளும் இப்படித்தான் இயங்க வேண்டும். இதற்காகவே, டி.என்.எஸ். சேவையகங்களோடு நேரடியாகப் பேசும் நிரல் நூலகங்கள் தோன்றின. நிரல் நூலகம் என்பது புத்தகங்கள் இருக்குமிடமன்று; பிற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளில் இணைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களின் தொகுதி.

அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று 'சி-ஆரெஸ்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த 'ஆரெஸ்' என்னும் நூலகத்தை அடியொற்றி இதைத் தொடங்கியவர் சுவீடனைச் சேர்ந்த நிரலாளர் டேனியல் ஸ்டென்பர்க். உலகெங்கும் பயன்படும் 'கர்ல்' என்னும் கருவியைப் படைத்தவரும் இவரே. சி-ஆரெஸ் கேள்வியை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்க இடம்கொடுக்கிறது. எண் முகவரியை மட்டுமன்றி, ஒரு களத்தின் மின்னஞ்சலை எந்தச் சேவையகம் ஏற்கிறது என்பதுபோன்ற பிற விவரங்களையும் கேட்டுத் தருகிறது.

இணையச் சேவைகளை எழுதப் பலர் பயன்படுத்தும் 'நோட்.ஜேஎஸ்' தளத்தில் இரண்டு வழிகளும் அருகருகே இருக்கின்றன. 'லுக்அப்' என்னும் கட்டளை இயங்குதளத்தின் வழியாகக் கேட்கும். 'ரிசால்வ்' என்னும் கட்டளை சி-ஆரெஸ் மூலம் டி.என்.எஸ். சேவையகத்தையே கேட்கும், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. பெயர் ஒன்றாயிருந்தும் இரு கட்டளைகளுக்கும் இரு வேறு விடைகள் வருவதுண்டு. இதைப் பிழை என்று எண்ணிப் புதிய நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அது பிழையன்று, கேட்ட இடம் வேறு, அவ்வளவுதான்.

தன் போக்கில் போனால்

இனி, நேரடியாகப் பேசும் நூலகம் ஒன்று கணினியின் அமைவுகளைப் படிக்கவே இல்லை என்று கொள்வோம். அதை எழுதியவர், "எந்தச் சேவையகத்தைக் கேட்டால் என்ன? உலகமறிந்த பொதுச் சேவையகம் ஒன்றின் எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவோம்" என்று முடிவு செய்துவிட்டார். அவருடைய வீட்டுக் கணினியில் அது பழுதின்றி ஓடும். அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் செயலி ஒரு பள்ளியின் கணினிக்கூடத்துக்கு வந்து சேர்கிறது.

பள்ளியின் பாடக்குறிப்புகள் வளாகத்துக்குள் இருக்கும் ஒரு சேவையகத்தில் உள்ளன. அதன் பெயர் பள்ளிக்குள் மட்டுமே செல்லும். செயலி அப்பெயரைப் பொதுச் சேவையகத்திடம் கேட்கிறது. "அப்படியொரு பெயர் இல்லை" என்னும் விடை வருகிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் உலாவியில் அதே பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. ஆசிரியர் வலையமைப்பைச் சோதிக்கிறார்; பழுதில்லை. சேவையகத்தைச் சோதிக்கிறார், பழுதில்லை. வகுப்பு நேரம் கரைகிறது. எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நடக்காத இந்த நிலை, பழுதுபார்ப்போருக்கு மிகவும் எரிச்சலூட்டுவது.

இது வெறும் தொல்லை. அடுத்தது அதைவிடப் பெரியது. தீங்கான தளங்களுக்கு எண் தர மறுக்கும் ஒரு சேவையகத்தைப் பள்ளி தேர்ந்தெடுத்திருக்கலாம். செயலி அதைக் கேட்பதே இல்லை. எனவே, அந்தக் காப்பு இந்தச் செயலிக்கு மட்டும் இல்லாமல் போகிறது. பள்ளி அதை அறிவதும் இல்லை. பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் யாரோ திறந்துவைத்த சன்னல் போன்றது அது.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாதது. செயலி வெளியே அனுப்பிய கேள்விகளில் உள்வலையமைப்பின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ இது நிகழ்ந்தால், உள்ளே என்னென்ன சேவையகங்கள் எந்தெந்தப் பெயரில் இருக்கின்றன என்பது கேட்கக் கூடாதவர் காதுக்கும் போகும். எவரும் திருடவில்லை, நாமே வாசலில் நின்று சொல்லிவிட்டோம்.

எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. பொது இடத்து வைஃபை ஒன்று சொல்லும் சேவையகத்தை எப்படி நம்புவது? நம்முடைய கேள்விகளை யாராவது ஒட்டுக்கேட்டால்? இக்கவலையால்தான், கேள்விகளை மறையாக்கம் செய்து அனுப்பும் புதிய நெறிமுறை ஒன்று 2018இல் வெளியானது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2020இல் அமெரிக்கப் பயனர்களுக்கு இதை இயல்பாகவே இயக்கி, கேள்விகளைத் தான் தேர்ந்த ஒரு நிறுவனத்தின் சேவையகத்துக்குத் திருப்பியது. குரோம் உலாவி வேறு வழியில் சென்றது: கணினியில் ஏற்கெனவே குறிக்கப்பட்டுள்ள சேவையகம் மறையாக்கத்தை ஏற்குமா என்று பார்த்தது, ஏற்றால், அதே சேவையகத்தை மறையாக்கத்துடன் கேட்டது. பயனருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், கணினிக்கு உரியவர் எடுத்த முடிவைக் கலைக்காமலே பாதுகாப்பைக் கூட்டலாம் என்று காட்டிய இரண்டாவது வழியே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

படிப்பது அவ்வளவு எளிதா?

"அமைவுகளைப் படித்து நடந்தால் போதுமே, இதில் என்ன கடினம்?" என்று நீங்கள் கேட்கலாம். நூலகத்தை எழுதுவோருக்கு மிகுந்த உழைப்பை வாங்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. லினக்ஸில் கோப்பைத் திறந்தால் போதும். விண்டோஸில் அமைவுகள் ஒவ்வொரு வலையமைப்பு இணைப்புக்கும் தனித்தனியே இருக்கும். வைஃபையும் கம்பி இணைப்பும் ஒருசேர இருந்தால் எதற்கு முதலிடம் என்பதையும் கண்டறிய வேண்டும். ஆப்பிள் மேக் கணினிகளில் லினக்ஸில் உள்ள அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. அதை நம்பித் திறந்தால், பெரும்பாலான மென்பொருள்கள் இக்கோப்பைப் பயன்படுத்துவதில்லை என்னும் அறிவிப்பு அதன் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்! உண்மையான அமைவுகளை வேறு வழியில் இயங்குதளத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் நடந்தது இன்னும் சுவையானது. தொடக்கத்தில் அங்கு எந்தச் செயலியும் சேவையக எண்களை எளிதாகப் படித்துக்கொள்ள முடிந்தது. 'நெட் டி.என்.எஸ். 1', '2' என்பதுபோன்ற பெயர்களில் அவை வைக்கப்பட்டிருந்தன. சி-ஆரெஸும் அங்கிருந்தே படித்துவந்தது. 2017இல் வெளியான ஆண்ட்ராய்டு 8 பதிப்பு அந்த வழியை மூடியது. பயனர் எந்த வலையமைப்பில் இருக்கிறார் என்பதைச் செயலிகள் மோப்பம் பிடிப்பதைத் தடுக்க, அதாவது தனியுரிமையைக் காக்க, எடுத்த முடிவு அது. முடிவு நியாயமானதுதான். ஆனால், சி-ஆரெஸின் கண்கள் கட்டப்பட்டுவிட்டன.

சேவையகம் எதுவும் கிடைக்காவிட்டால் சி-ஆரெஸ் ஓர் எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளும்: 127.0.0.1. கணினி தன்னைத்தானே குறிக்கும் எண் அது. எனவே, திறன்பேசி தன்னிடமே கேள்வியைக் கேட்டது. கேள்விக்கு விடை சொல்ல அங்கு எந்தச் சேவையகமும் இல்லை. ஆளில்லா வீட்டில் குரல்கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதுபோல் ஆயிற்று. இணைப்பு முழு வலிமையோடு இருந்தும் சி-ஆரெஸை நம்பிய செயலிகளால் பெயருக்கு எண் காண முடியாமல் போனது.

இத்தகைய வேளையில்தான் அந்தப் பழைய ஆசை தலைகாட்டும்: "கூகலின் 8.8.8.8 என்னும் பொதுச் சேவையகத்தை எழுதிவிட்டால் இப்போதே வேலை முடிந்துவிடுமே!" ஒற்றை வரித் திருத்தம். அதைச் செய்திருந்தால், மேலே கண்ட பள்ளிக் கணினிக்கூடத்தின் கதைதான் கோடிக்கணக்கான திறன்பேசிகளிலும் நடந்திருக்கும். சி-ஆரெஸைப் பேணுவோர் நீண்ட வழியைத் தேர்ந்தெடுத்தனர். வலையமைப்பு நிலையைக் கவனிக்கும் சேவை ஒன்று ஆண்ட்ராய்டுக்குள் இருக்கிறது. வலையமைப்பு நிலையை அறியும் அனுமதியைப் பெற்ற செயலி அச்சேவையின் தொடர்பை நூலகத்திடம் கொடுக்க வேண்டும். நூலகம் அதனிடம் முறையாகக் கேட்டு எண்களைப் பெறும். இதற்கென நூலகத்தில் புதிய செயற்கூறுகள் சேர்க்கப்பட்டன. செயலிகளை எழுதுவோரும் தங்கள் நிரலில் சில வரிகளைக் கூட்ட வேண்டியதாயிற்று. பலருக்கு இது சலிப்பைத் தந்திருக்கும். ஆனால், தனியுரிமையும் காக்கப்பட்டது. பயனரின் அமைவும் மதிக்கப்பட்டது.

ஒருமுறை படித்தால் போதாது

காலையில் வீட்டில் திறந்த மடிக்கணினியை மூடி, பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறீர்கள். அங்கு மீண்டும் திறக்கிறீர்கள். வலையமைப்பு மாறிவிட்டது, கேட்க வேண்டிய சேவையகமும் மாறிவிட்டது. ஆனால், நேற்றிரவு முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள், தொடங்கியபோது படித்த அமைவையே பிடித்துக்கொண்டிருந்தால்? குடிபெயர்ந்துபோன அண்டை வீட்டாரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். "மூடித் திறந்து பார், சரியாகிவிடும்" என்னும் அறிவுரை இவ்விடத்தில் பலிப்பதற்குக் காரணம், மறுபடி தொடங்கும்போது மென்பொருள் அமைவுகளைப் புதிதாகப் படிப்பதுதான். முன்பு குறிப்பிட்ட ஜி.லிப்.சி.கூட, 2017இல் வந்த 2.26 பதிப்பில்தான் கோப்பு மாறியதைத் தானே கண்டு மறுபடியும் படிக்கக் கற்றுக்கொண்டது. சி-ஆரெஸும் பின்னாளில் இத்திறனைப் பெற்றது.

படிப்பது மட்டுமன்றி, படித்ததை ஒரேமாதிரி புரிந்துகொள்வதும் தேவை. ஆல்பைன் லினக்ஸ் என்னும் சிறிய இயங்குதளம் ஜி.லிப்.சி.க்குப் பதிலாக 'மசில்' என்னும் தொகுதியைப் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒரே கோப்பைத்தான் படிக்கின்றன. ஜி.லிப்.சி. முதலாமவரைக் கேட்டு, விடை வராதபோதுதான் அடுத்தவரைக் கேட்கும். மசில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் விடையை ஏற்றுக்கொள்ளும். வேகத்துக்கு அது நல்லதே. ஆனால், ஒரு நிர்வாகி முதலில் உள்சேவையகத்தையும், அவசரத்துக்கு உதவட்டும் என்று அடுத்ததாகப் பொதுச் சேவையகத்தையும் எழுதியிருந்தால் என்ன ஆகும்? உட்பெயர் ஒன்றைப் பற்றி "அப்படி எதுவும் இல்லை" என்று பொதுச் சேவையகம் முந்திச் சொல்லிவிட்டால், அதுவே இறுதி விடை. ஒரே செயலி ஒரு கணினியில் ஓடும், மற்றொன்றில் ஓடாது. சில வேளைகளில் அதே கணினியில் காலையில் ஓடும், மாலையில் ஓடாது. கோப்பில் எழுதிய வரிசைக்கு ஒரு பொருள் உண்டு என்று நிர்வாகி எண்ணினார். எல்லாரும் சமம் என்று மசில் எண்ணியது.

கோ என்னும் நிரல்மொழியை வடிவமைத்தவர்கள் இச்சிக்கலைக் கையாண்ட விதம் பாராட்டத்தக்கது. கோ மொழிக்குச் சொந்தமாக ஒரு பெயர்த் தீர்வு நிரல் உண்டு. அது லினக்ஸின் அமைவுக் கோப்புகளைப் படிக்கிறது; சில வினாடிகளுக்கு ஒருமுறை அவை மாறினவா என்றும் பார்க்கிறது. அத்துடன் நிற்கவில்லை. தனக்குப் புரியாத, தன்னால் நிறைவேற்ற முடியாத அமைவு ஏதேனும் அக்கோப்புகளில் இருந்தால், அதைத் தாண்டிச் செல்வதில்லை. "இது எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்" என்று, முடிந்த இடங்களில், வேலையை இயங்குதளத்திடமே ஒப்படைத்துவிடுகிறது. தெரிந்ததுபோல் நடித்துத் தவறான விடையைத் தருவதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்து பார்ப்போம்

கணினிக்கூடத்தில் ஆசிரியரின் அனுமதியோடு ஒரு சிறு சோதனை செய்யலாம். விண்டோஸ் கணினியில், 'சி' வட்டின் விண்டோஸ் உறைக்குள் 'சிஸ்டம் 32', அதற்குள் 'டிரைவர்ஸ்', அதற்குள் 'ஈடிசி' என்று போனால் ஹோஸ்ட்ஸ் கோப்பு கிடைக்கும். அதன் கடைசியில் 127.0.0.1 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 'யாழ்.டெஸ்ட்' என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதிச் சேமியுங்கள். சோதனைக்காகவே ஒதுக்கப்பட்ட பெயர் முடிவு அது. உலகில் எவருக்கும் அப்பெயரைப் பதிவுசெய்து தரமாட்டார்கள். கோப்பைத் திருத்த நிர்வாகி உரிமை தேவைப்படும்.

பிறகு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'பிங்' என்னும் கட்டளையோடு அப்பெயரைத் தட்டுங்கள். உங்கள் கணினியே விடையளிப்பதைக் காண்பீர்கள். அடுத்து, 'என்.எஸ்.லுக்அப்' என்னும் கட்டளையோடு அதே பெயரைத் தட்டுங்கள். இம்முறை அந்த எண் வராது. பெயரைக் காணவில்லை என்னும் செய்தியே பெரும்பாலும் வரும். முதற்கட்டளை இயங்குதளத்தைக் கேட்டது. இரண்டாவது, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பிப் பாராமல் சேவையகத்தை நேரே கேட்டது. எந்தச் சேவையகத்தைக் கேட்டது என்பதையும் அது முதல் வரிகளில் காட்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் அங்குள்ள கணினியிலும் இதே கட்டளையைத் தட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனை முடிந்ததும், நீங்கள் சேர்த்த வரியை நீக்க மறவாதீர்கள்.